பூட்டிய அறையில் ஒரு வாத்து

விலை கொடுத்து வாங்கிய பண்டம் வாங்கியவனுக்கே சொந்தம் என்பது நம் பெரியோர் காலத்து நியாயம். விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் ஜாடி வாங்கி வருகிறோம். ஜாடி செய்தவருக்கும் அதன்மேல் பூப்போட்டவருக்கும் பிற்பாடு மனஸ்தாபம் வந்தால் நமக்கென்ன? ஊறுகாய்க்கு யாதொரு அபாயமும் இல்லை. ஆனால் இந்தக் காலத்தில் கண்ணுக்குத் தெரியாத கடைகளில், கையில் பிடிக்க முடியாத சரக்குகளை வாங்குகிறோம். அங்கே இந்த நியாயம் செல்லுபடியாவதில்லை. இதை எனக்குக் கற்றுக் கொடுத்தது ஒரு வாத்து.

'பிளாட்பாரம் ஆட்டம்' என்று கம்ப்யூட்டர் ஆட்டங்களில் ஒரு ஜாதி உண்டு. விருத்தாசலம் ஜங்ஷனை யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். திரையில் ஒரு சிறு உருவம் இடமிருந்து வலமாக ஓடும். பள்ளம் வந்தால் தாண்டும். திட்டுக்குத் திட்டு தாவும். தவறினால் உயிர் போகும். நான் சொல்லும் வாத்து ஸ்க்ரூஜ் மக்டக் என்னும் மகா கருமி. டிஸ்னி கம்பெனியாரிடம் உரிமம் பெற்று, ஜப்பானின் காப்காம் கம்பெனியார் 1989-இல் இந்த ஆட்டத்தைச் செய்தார்கள். அதில் அந்தக் கிழவாத்து கைத்தடியை ஊன்றித் துள்ளித் துள்ளி ஆப்பிரிக்கச் சுரங்கம், இமயமலை, சந்திர மண்டலம் என்று புதையல் தேடும்.

எங்கள் கம்மாபுரத்துக்கு இந்த வாத்து ராஜபாட்டையில் வரவில்லை. 1990-களில் தூர்தர்ஷன் ஞாயிற்றுக்கிழமைகளில் அதன் கதையை ஹிந்தியில் காட்டியது. எங்களுக்கு ஹிந்தியில் ஓர் அட்சரமும் தெரியாது. ஆனாலும் கருமித்தனத்தைப் புரிந்துகொள்ள பாஷை எதற்கு? பிறகு என் மாமா சென்னை பர்மா பஜாரிலிருந்து டெலிவிஷனில் மாட்டும் பெட்டி ஒன்றும், பல ஆட்டங்களை ஒருங்கே திணித்த காஸெட் ஒன்றும் வாங்கி வந்தார். அந்தக் காஸெட் யாருடைய உரிமமும் பெற்றதல்ல என்பது இப்போது தெரிகிறது. அண்ணனும் நானும் முறை வைத்து ஆடினோம். நடுவே மின்சாரம் நின்றால் புதையலும் போயிற்று, சந்திர மண்டலமும் போயிற்று. மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

பெட்டியும் காஸெட்டும் எப்போதோ மண்ணோடு மண்ணாயின. ஆனால் பழைய ஆட்டங்களுக்கு மறுபிறவி உண்டு. 2013-இல் இதே ஆட்டத்தைப் புதுச் சித்திரங்களுடன் திரும்பச் செய்தார்கள். கதைப்படத்தில் வாத்துக்குக் குரல் கொடுத்த ஆலன் யங் என்னும் நடிகர், 90 வயதைத் தாண்டியபின் இதற்கும் குரல் கொடுத்தார், 2016-இல் காலமானார். 2017 ஏப்ரலில் வாத்தின் பழைய ஆட்டங்கள் இரண்டையும் அதே காலத்து வேறு நான்கையும் சேர்த்து, ஆறாகத் தொகுத்து வெளியிட்டார்கள். தவறி விழுந்தால் காலத்தையே பின்னோக்கி நகர்த்தும் பொத்தான் ஒன்றும் அதில் வைத்தார்கள். வாழ்க்கையில் இல்லாத சௌகரியம்! 1993-ஆம் வருஷத்து அலாவுதீனும் 1994-ஆம் வருஷத்துச் சிங்கராஜாவும்கூட 2019-இல் ஒரே தொகுப்பாகத் திரும்பி வந்தார்கள்.

அந்த ஆறு ஆட்டத் தொகுப்பைச் சில வருஷங்களுக்கு முன் வாங்கி, ஒரு மாலைப்பொழுதில் மடிக்கணினியில் ஓட்டினேன். சந்திர மண்டலத்துக்கென்று அதில் ஒரு மெட்டு உண்டு. நாலே கம்பியில் வாசித்தது போன்ற எளிய சங்கீதந்தான். ஆனால் கேட்டவர் மறப்பதில்லை. மெட்டு கிளம்பியதும் அடுக்களையிலிருந்து என் தாயார், "பெரியவன் எப்படா வந்தான்?" என்று கேட்டுக்கொண்டே கை துடைத்தபடி கூடத்துக்கு வந்தார். அண்ணன் சிங்கப்பூருக்குப் போய் இருபது வருஷத்துக்கு மேலாகிறது. அம்மா கூடத்தை ஒரு முறை பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டார். இது வெறும் விளையாட்டுச் சாமான் என்று யாராவது சொன்னால், அன்றிலிருந்து என்னால் ஒப்புக்கொள்ள முடிவதில்லை.

இந்த மறுபிறவிக்கும் ஆயுள் சீட்டு உண்டு. ஆட்டம் காப்காமுடையது, வாத்து டிஸ்னியுடையது. கதவுக்கு இரண்டு பூட்டு, சாவி இரண்டு இடத்தில். இருவரும் இசைந்தால்தான் கடை திறக்கும். 2019 ஆகஸ்டில், 2013-ஆம் வருஷத்து ஆட்டம் இணையக் கடைகளிலிருந்து எடுக்கப்பட்டது. முன்பே வாங்கியவர்கள் திரும்ப இறக்கிக்கொள்ளலாம்; புதிதாய் வருபவருக்குக் கிடையாது. நல்ல வேளையாக 2020 மார்ச்சில் வாத்து திரும்பி வந்தது. எல்லா ஆட்டத்துக்கும் இந்த அதிருஷ்டம் வாய்ப்பதில்லை. அமெரிக்காவில் 2010-க்கு முன் வெளியான ஆட்டங்களில் 87 சதவிகிதம் இன்று விலைக்குக் கிடைப்பதில்லை என்று, ஆட்டங்களின் சரித்திரத்தைப் பாதுகாக்கும் ஸ்தாபனம் ஒன்று 2023-இல் கணக்கெடுத்துச் சொன்னது.

எங்கள் ஜில்லாக்காரர்களுக்கு இது புதுக்கதையல்ல. தேவார ஏடுகள் தில்லைக் கோயிலில் ஓர் அறையில் பூட்டிக் கிடந்தன. பாடிய மூவரும் நேரில் வந்தாலன்றிக் கதவு திறவாது என்றார்கள். சோழ மன்னன் மூவரின் திருவுருவங்களையும் எழுந்தருளச் செய்து திறப்பித்தான். உள்ளே பெரும்பகுதியைச் செல் அரித்திருந்தது என்பது ஐதிகம். தேவாரம் எங்கே, வாத்து எங்கே! இரண்டையும் ஒரு தட்டில் வைக்கும் துணிச்சல் எனக்கு இல்லை. ஆனால் பூட்டுக்கும் கறையானுக்கும் தராதரம் தெரியாது. உரியவர் வரட்டும் என்று காத்திருக்கும் அறையில், எதுவானாலும் அரிபடத்தான் செய்யும்.

சித்திரம் எழுதியவனுக்கும் மெட்டமைத்தவனுக்கும் கூலி வேண்டாமா என்று கேட்கலாம். அவசியம் வேண்டும். பர்மா பஜார் காஸெட்டில் அவர்களுக்கு ஒரு காசும் போகவில்லை. ஒழுங்கான மறுபதிப்பில்தான் உரியவருக்குப் பணம் போக வழி உண்டு. ஆகையால் விலை கொடுத்தே வாங்கவேண்டும் என்பது என் கட்சி. ஆனால் கூலி வேறு, பூட்டு வேறு. நம் நாட்டில் இதற்கு ஒரு வழி கண்டிருக்கிறோம். பாரதியாரின் பாடல்களை இசைத்தட்டில் பதிக்கும் உரிமை ஒரு காலத்தில் தனியார் கையில் இருந்தது. ஜனங்கள் கிளர்ச்சி செய்தார்கள். 1949-இல் சென்னை ராஜதானி அரசாங்கம் அவர் படைப்புகளின் உரிமையைத் தன்வசமாக்கிற்று. பின்னர் அவை எல்லோருக்கும் பொதுவாயின. இன்று பாரதியைப் பாட எவரையும் அநுமதி கேட்க வேண்டியதில்லை. கல்கியின் நூல்களும் பிற்காலத்தில் நாட்டுடைமையாயின. அதனால் 'பொன்னியின் செல்வன்' பல பதிப்பகங்களின் அச்சில் கிடைக்கிறது.

அயல்நாட்டு வாத்தை நாம் நாட்டுடைமையாக்க முடியாதுதான். ஆனால் நமக்கு வேண்டிய அளவு விழிப்பாய் இருக்கலாம். கலிபோர்னியா மாகாணத்தில் 2025 ஜனவரி முதல் ஒரு சட்டம் அமலில் இருக்கிறது: விற்பது பொருளல்ல, வெறும் அநுமதிதான் என்றால் அதைக் கடைக்காரர் வெளிப்படையாகச் சொல்லவேண்டும். கடையின் தயவின்றி நிரந்தரமாக இறக்கி வைத்துக்கொள்ளக்கூடிய சரக்குக்கு இந்த எச்சரிக்கை தேவையில்லை. அப்படி இறக்கித் தரும் கடைகளும் இருக்கின்றன. குழந்தைக்கு ஓர் ஆட்டம் வாங்கித் தருவதற்கு முன், "இதை எடுத்து வைத்துக்கொள்ளலாமா?" என்று ஒரு கேள்வி கேட்டுவிடுங்கள். ஆம் என்றால், ஒரு பிரதியை வீட்டு அலமாரியில் பத்திரப்படுத்துங்கள். நிலப் பத்திரத்தையும் கல்யாணப் போட்டோவையும் அங்கேதானே வைத்திருக்கிறோம்?