மஞ்சள் டிபன் டப்பா

பிள்ளைகளின் விளையாட்டுச் சாமானில் இரண்டு ரகம் உண்டு. கடையில் வாங்கியது ஒன்று. வீட்டில் பண்ணியது ஒன்று. முதல் ரகம், வந்த அன்றைக்குப் பிரமாதமாக இருக்கும். மறு வாரம் கட்டிலுக்கு அடியில் கிடக்கும். இரண்டாவது ரகம் பிறக்கும்போதே கோணல்மாணல்தான். ஆனால் அதைத் தூக்கி எறிய யாருக்கும் மனசு வராது. என் அக்கா பிள்ளை பண்ணிய டப்பாவும் அந்த இரண்டாவது ரகம்தான்.

அக்கா குடும்பம் இங்கிலாந்தில் இருக்கிறது. பிள்ளைக்குப் பதினைந்து வயது. அந்த ஊர்ப் பையன்கள் பலருக்கு 'ஏர்ஸாஃப்ட்' என்று ஒரு பைத்தியம். பார்வைக்கு நிஜத் துப்பாக்கி. உள்ளே இருப்பதோ 6 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் குண்டு, மிளகைவிடச் சற்றுப் பெரிது. கண்ணுக்குக் கட்டாயம் கனத்த கண்ணாடி போட்டுக்கொண்டு, இரண்டு கட்சியாகப் பிரிந்து காட்டுக்குள் ஓடிப் பிடித்து விளையாடுகிறார்கள். குண்டு பட்டவன் தானாகவே கையைத் தூக்கிக்கொண்டு ஒதுங்க வேண்டும். பட்டதா இல்லையா என்பது அவனுக்குத்தான் தெரியும். ஆக, இந்த விளையாட்டுக்கு நேர்மைதான் நடுவர்!

நிஜத் துப்பாக்கி வைத்துக்கொள்ளச் சட்டம் சுலபத்தில் இடம் கொடுக்காத ஜப்பானில், 1970-களில் முளைத்த விளையாட்டு இது. 1991-ல் டோக்கியோ மாருயி என்ற ஜப்பானியக் கம்பெனி பாட்டரியில் ஓடும் துப்பாக்கியைக் கொண்டு வந்தது. பிறகு உலகம் முழுவதும் பரவிவிட்டது.

வெறுமனே சுட்டுக்கொண்டே இருந்தால் அலுத்துவிடும் அல்லவா? அதனால் ஒரு கதை கட்டுகிறார்கள். ஒரு கட்சி காட்டில் எங்கேயோ ஒரு பெட்டியை ஒளித்து வைத்து முடுக்கிவிடும். மற்றக் கட்சி அதைத் தேடிப் பிடித்து, நேரம் முடிவதற்குள் அணைக்க வேண்டும். தவறினால் பெட்டி 'கீ' என்று அலறும், ஆட்டம் போச்சு! இந்தப் பெட்டியைக் கடையில் விலை கேட்டால் அக்காவின் ஒரு வார மளிகைக் கணக்கு வருகிறது. பையன் நாமே பண்ணிவிடலாம் என்று தீர்மானித்துவிட்டான்.

போன வருஷம் நான் அங்கே புறப்படுகிற சமயம், அக்கா அப்பளமும் மாவடுவும் கேட்டாள். அவன் டெலிபோனைப் பிடுங்கி, "சித்தி, ரிச்சி தெருவுக்குப் போய்க் கொஞ்சம் சாமான் வாங்கி வாயேன்" என்றான். அண்ணா சாலையை ஒட்டிய அந்தத் தெருவில் அவன் ஜாபிதாவை நீட்டினேன். 555 என்ற ஐ.சி., ஒரு ஊதல், நாலு எல்.இ.டி. விளக்கு, ரெஸிஸ்டர், கெபாசிட்டர், மூன்று ஸ்விட்ச், பாட்டரிக்கு ஒரு மூடி. எல்லாம் சேர்ந்து இருநூறு ரூபாய்க்குள் முடிந்தது. கடைக்காரர், "காலேஜ் பிராஜெக்டா மேடம்?" என்று கேட்டார். "இல்லை, அக்கா பிள்ளைக்குப் பொம்மை" என்றேன்.

அந்த 555 ஒரு சின்ன அதிசயம். எட்டுக் கால் பூச்சி மாதிரி இருக்கும். ஹான்ஸ் காமென்ஸிண்ட் என்பவர் 1971-ல் வடிவமைத்தது, இன்றைக்கும் விற்கிறது. அது எப்படி நேரம் கணக்கிடுகிறது என்று கேட்டேன். பையன் சொன்னதை நம் பாஷையில் சொல்கிறேன். கெபாசிட்டர் என்பது குடம். ரெஸிஸ்டர் என்பது குழாய். குழாயை எவ்வளவு இறுக்கி மூடுகிறோமோ, குடம் நிரம்ப அவ்வளவு நேரமாகும். குடம் மூன்றில் இரண்டு பங்கு நிரம்பியதும், பக்கத்தில் காவல் நிற்கிற 555 குரல் கொடுக்கும். 10 லட்சம் ஓம் ரெஸிஸ்டரும் 100 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரும் போட்டால் ஏறக்குறைய 110 விநாடி. 330 மைக்ரோஃபாரட் போட்டால் ஆறு நிமிஷம். இருபது, முப்பது நிமிஷம் பிசகாமல் ஓட வேண்டுமென்றால் இது போதாது. கெபாசிட்டர் கசியும், ஓட்டைக் குடம் மாதிரி. அதற்கு 2005-ல் இத்தாலியில் இவ்ரேயா நகரில் பிறந்த 'ஆர்டுயினோ' மாதிரிப் பலகை வாங்கி, கம்ப்யூட்டரில் கட்டளை எழுதிப் போடவேண்டும். பையனுக்கு ஆறு நிமிஷமே போதுமாக இருந்தது.

மூன்று ஸ்விட்சில்தான் அவன் குறும்பு. ஒன்று பெட்டியை அணைக்கும். ஒன்று சும்மா. மூன்றாவது குழாயை முழுக்கத் திறந்துவிட்ட மாதிரி. தொட்டால் உடனே அலறும்!

இதுவரை வீட்டில் சந்தோஷம்தான். பெட்டிக்கு உருவம் கொடுக்கிற கட்டத்தில்தான் சண்டை வந்தது. சினிமாவில் வருகிற மாதிரிச் சிவப்பும் நீலமுமாக ஒயர் தொங்க வேண்டும், கறுப்பு டேப் சுற்றிய குழல்கள் வேண்டும் என்றான் பையன். அக்கா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"இதை எப்படி எடுத்துக்கொண்டு போவாய்?"

"பஸ்ஸில்தான். பையில் வைத்து."

"உன் முகத்தோடா?"

அந்த ஒரு கேள்வியில் சமையலறை நிசப்தமாகிவிட்டது. அத்தான்கூடப் பேப்பரை மடித்து வைத்தார்.

அவள் பயம் வீண் பயம் அல்ல. 2015 செப்டம்பரில் அமெரிக்காவில், டெக்ஸாஸ் மாநிலத்து இர்விங் நகரில், சூடானிலிருந்து வந்த குடும்பத்துப் பையன் ஒருவன், 14 வயது, தானே பண்ணிய கடிகாரத்தை வாத்தியாருக்குக் காட்டப் பள்ளிக்கு எடுத்துப் போனான். வெடிகுண்டு மாதிரி இருக்கிறது என்று போலீஸ் வந்து கையில் விலங்கு போட்டு அழைத்துப் போயிற்று. பிறகு வழக்கு எதுவும் போடவில்லை. ஜனாதிபதி ஒபாமாவே அவனை வெள்ளை மாளிகைக்குக் கூப்பிட்டார். ஆனாலும் அந்த விலங்கை மாட்டிய நேரம் மாட்டியதுதானே? 2007 ஜனவரி 31-ல் பாஸ்டன் நகரத்தில் இன்னொரு கூத்து. ஒரு கார்ட்டூன் படத்துக்கு விளம்பரமாக வைத்த எல்.இ.டி. பலகைகளைக் கண்டு ஊரே கலங்கிப் போய், சாலைகளையும் பாலங்களையும் மூடினார்கள். அதில் இருந்ததும் விளக்கும் பாட்டரியும்தான்.

"அம்மா, நான் என்ன தப்புச் செய்தேன்?" என்று பையன் கேட்டான். கண் கலங்கியிருந்தது.

"நீ ஒரு தப்பும் செய்யவில்லைடா. அந்தப் பையனும் செய்யவில்லை" என்றாள் அக்கா. "பார்க்கிறவன் பயப்பட ஒரு நிமிஷம் போதும். அந்த நிமிஷத்தில் உன் பக்கத்தில் நான் இருக்க மாட்டேன்."

நான் பத்திரிகைக்காரி, சட்டம் பேசினேன். பிரிட்டனில் 2006-ல் வந்த சட்டப்படி, ஏர்ஸாஃப்ட் ஆடுகிறவர் மாதிரிச் சிலரைத் தவிர மற்றவர்களுக்குப் போலித் துப்பாக்கி விற்பதென்றால் பளிச்சென்ற வர்ணத்தில்தான் விற்க வேண்டும். பதினெட்டு வயது ஆகாதவர்களுக்கு விற்கவே கூடாது. "துப்பாக்கிக்கே பச்சையும் ஆரஞ்சும் அடிக்கச் சொல்கிற ஊரில், உன் பெட்டிக்கு ஒரு நல்ல வர்ணம் அடித்தால் என்ன குறைந்துவிடும்?" என்றேன்.

"பயமே வராது, சித்தி. எல்லோரும் சிரிப்பார்கள்."

கடைசியில் அக்காவின் பழைய பிளாஸ்டிக் டிபன் டப்பா வந்தது. அடிப்பாகத்துக்கு மஞ்சள் பெயின்ட். மூடி கண்ணாடி மாதிரித் தெரிகிறது. உள்ளே இருப்பது யாருக்கும் பளிச்சென்று தெரியும். மூடியின் மேல் கொட்டை எழுத்தில் 'விளையாட்டுப் பொம்மை' என்று ஆங்கிலத்தில் எழுதி, விளையாட்டு மைதானத்தின் பெயரும் அத்தானின் டெலிபோன் நம்பரும் ஒட்டினோம். பஸ் கிடையாது, அத்தான் காரில் கொண்டுபோய் மைதானத்தாரிடம் காட்டி, அவர்கள் சம்மதம் வாங்கிய பிறகே ஆட்டத்தில் சேர்ப்பது என்று ஏற்பாடு.

ஞாயிற்றுக்கிழமை நானும் போயிருந்தேன். வலைக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். முதலில் சிரித்தார்கள், உண்மைதான். ஆனால் ஆட்டம் தொடங்கியதும் புதருக்குள் மஞ்சள் டப்பாவைக் கண்டுபிடித்த ஆஜானுபாகுவான ஒரு மனிதர், சிவப்பு விளக்கு எரிவதைப் பார்த்து, மூன்று ஸ்விட்சுக்கும் நடுவே விரலை நீட்டியபடி அப்படியே நின்றுவிட்டார். விரல் நடுங்கியது. தொட்டார். 'கீ' என்று அலறியதே பார்க்கவேண்டும்! மரத்திலிருந்த காக்கைகளெல்லாம் பறந்துவிட்டன.

வீட்டுக்குத் திரும்புகையில் பையன் சொன்னான்: "வர்ணத்தை யாருமே பார்க்கலை, சித்தி."

ஆமாம். நெஞ்சைப் படபடக்க வைத்தது டப்பாவின் முகம் அல்ல, ஓடிக்கொண்டிருந்த நேரம்தான்.

சகோதரிகளே, உங்கள் வீட்டுப் பிள்ளையும் ஒயரும் ஊதலுமாக எதையாவது கட்டிக்கொண்டு உட்காரலாம். தடுக்காதீர்கள். பாட்டரி மட்டும் போதும், சுவரிலிருக்கும் பிளக் பக்கம் போகாதே என்று சொல்லுங்கள். வெளியே கொண்டுபோவதானால் மூடி தெளிவாக இருக்கட்டும், பெயர் இருக்கட்டும், வர்ணம் சிரிக்கட்டும். மற்றதை அவனிடமே விட்டுவிடுங்கள்.

அக்கா போன வாரம் டெலிபோனில் பேசினாள். விளையாட்டு இல்லாத நாட்களில் டப்பா அவளிடம்தான் இருக்கிறதாம். ஆறு நிமிஷம், முட்டை அரைவேக்காட்டுக்குச் சரியாக இருக்கிறதாம். மூன்றாவது ஸ்விட்சை மட்டும் அவள் தொடுவதில்லை!