எனக்கென்று ஒரு நாள்

காரைதீவில் எனக்குப் பழக்கமான அக்கா ஒருவர், 1990இல் கணவரை இழந்து பிள்ளைகளை வளர்த்தவர். வயிறு வீங்கியபோதும் "வாய்வுதான் புள்ள" என்று மாதக்கணக்கில் மறைத்தார். பரிசோதித்தபோது சூலகப் புற்றுநோய்.

வயிற்றறை நீரை உறிஞ்சும் நிணநீர்க் குழாய்களைப் புற்றுக்கலங்கள் அடைத்தால் நீர் தேங்கும் என்றார் வைத்தியர். மருந்தை வயிற்றறைக்குள்ளேயே விடும் முறையும் உண்டு. அது நோயைத் தொட்டு நின்று, மெல்ல நிணநீர் வழியாகவும் இரத்தத்தில் சேரும்.

2006இல் வெளியான அமெரிக்க ஆய்வில், நாளம் வழியாக மட்டும் மருந்து பெற்ற பெண்களில் பாதிப்பேர் சுமார் 50 மாதங்களும், வயிற்றறைக்குள்ளும் பெற்றவர்களில் பாதிப்பேர் 66 மாதங்களும் கடந்து வாழ்ந்தனர். பக்கவிளைவுகளும் கூடின.

ஆனால் அது கட்டியைப் பெரும்பாலும் அகற்ற முடிந்தவர்களுக்கே. அக்காவுக்குப் பிந்திவிட்டது.

"எனக்கெண்டு ஒரு நாள் ஒதுக்கல்லயே புள்ள" என்றார்.

சகோதரிகளே, வயிற்று வீக்கம் இரண்டு மூன்று கிழமை நீடித்தால் வைத்தியரிடம் போவோம். நமக்காகவும் ஒரு நாள் ஒதுக்குவோம்.