எக்ஸ்ரே அறையின் கைவேலை

தாலுகா மருத்துவமனைக்குப் புது எக்ஸ்ரே கருவி வந்தால் திறப்பு விழா நடக்கும். நாளிதழில் விலையோடு செய்தி வரும். அதை இயக்குகிறவர் அந்தப் புகைப்படத்தில் இருந்தால் ஓரமாக நிற்பார். நோயாளிகளுக்கு அவர் ‘எக்ஸ்ரே எடுக்கிறவர்’. மருத்துவர்களிலேயே சிலர் அவரைப் பொத்தான் அழுத்துபவராகத்தான் நினைக்கிறார்கள். அப்படியொரு மருத்துவமனையின் எக்ஸ்ரே அறையில் வேலை நடக்கும் விதத்தைக் கவனித்ததில் எனக்கு ஒன்று உறுதிப்பட்டது: பொத்தானை அழுத்துவதற்கு முந்தைய ஒன்றிரண்டு நிமிடங்களிலேயே படத்தின் தரம் பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது. அந்த நேரத்தில் கருவி சும்மாதான் நிற்கிறது.

நெஞ்சுப் படத்தையே பார்ப்போம். நிற்க முடிகிறவரைப் படம் பதியும் தட்டைப் பார்த்து நிற்கவைத்து, கதிர்க் குழாயை ஆறடி தள்ளி நிறுத்தி, முதுகு வழியாகக் கதிரைச் செலுத்துகிறார்கள். இதயம் நெஞ்சின் முன்பக்கமாக இருப்பதால் இப்படி நின்றால் தட்டுக்கு அருகில் வரும், நிழல் அதிகம் பெருக்காது. படுக்கவைத்து முன்பக்கமிருந்து எடுத்தால் நல்ல இதயமும் வீங்கியதுபோலத் தெரியும். கைகளை இடுப்பில் வைத்துத் தோளை முன்னே தள்ளச் சொல்வது, தோள்பட்டை எலும்பு நுரையீரலை மறைக்காமல் விலகுவதற்காக. “மூச்ச நல்லா இழுத்துப் பிடிங்கம்மா” என்ற குரலுக்கு நோயாளி அரைகுறையாக இழுத்தால், நுரையீரலின் அடிப்பகுதி வெளுத்து நிமோனியாபோல ஏமாற்றும். சடையும் இங்கே ஒரு சிக்கல். முன்பக்கம் விழுந்து கிடக்கும் பின்னல், நுரையீரலின் மேல்முனையில் நிழலாக விழுகிறது. பெரியவர்களிடம் காசநோய் அடிக்கடி தடம் காட்டுவதும் அதே இடத்தில்தான். ஆகவே கொண்டை போடச் சொல்கிறார்கள். தாலியைக் கழற்றத் தயங்குபவர்கள் அதை முதுகுப் பக்கம் தள்ளிவிட்டு நிற்பார்கள். உடலை ஊடுருவும் கதிருக்கு முன்பக்கமும் பின்பக்கமும் ஒன்றுதான் என்பதால், கழுத்துக்கு மேலே தூக்கிப் பிடிக்கச் சொல்லவேண்டியிருக்கிறது. வயதுப் பெண்களிடம், கரு தங்கியிருக்குமா என்று அறிய, “குளிச்சு எத்தன நாளாச்சும்மா?” என்று கேட்பதும் இந்த வேலையில் சேர்ந்ததே. வரிசை காதில் விழும் தூரத்தில் நிற்க அதைக் கேட்டால் உண்மையான பதில் வருமா?

மற்ற உறுப்புகளிலும் கதை இதுவே. குடலில் ஓட்டை விழுந்திருக்கிறதா என்ற சந்தேகத்தில் வருபவரைக் கொஞ்ச நேரம் நிமிர்த்தி வைத்திருந்து எடுத்தால்தான், கசிந்த காற்று மேலேறி உதரவிதானத்துக்குக் கீழே பிறைபோலத் தெரியும். மூட்டுத் தேய்மானத்துக்குப் படுக்கவைத்து எடுத்த முழங்கால் படத்தில், உடல் எடை மூட்டில் இறங்காததால் இடைவெளி உள்ளதைவிட அகலமாகத் தோன்றும்.

“இதெல்லாம் பிலிம் காலத்துக் கவலை. இருட்டறை போய்விட்டது, டிஜிட்டல் கருவியே எல்லாவற்றையும் சரிசெய்துவிடும்” என்று சொல்பவர்கள் உண்டு. வெளிச்சத்தையும் மங்கலையும் கருவி சரிசெய்வது உண்மைதான். திரும்பி நின்ற உடலை அது நேராக்காது. இழுக்காத மூச்சை இழுத்துத் தராது. இன்னொரு ஆபத்தும் சேர்ந்திருக்கிறது. பிலிமில் கதிர் கூடிப்போனால் படம் கறுத்துவிடும், தவறு கையோடு தெரிந்துவிடும். டிஜிட்டலில் கூடுதல் கதிர் விழுந்த படம் இன்னும் தெளிவாகவே வரும். எனவே கவனம் தளர்ந்தால், யார் கண்ணிலும் படாமல் அளவு மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே போகலாம். ஊழியரின் மார்பில், அவர்மேல் படும் கதிரை அளக்கும் டிஎல்டி பட்டை இருக்கிறது. ஐந்தாண்டுச் சராசரியில் ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட் என்ற வரம்பும் அவருக்கு உண்டு. நோயாளியின் சட்டையில் அப்படி எந்தப் பட்டையும் கிடையாது. அவருக்குக் காவல், கருவியின் அளவுகளைப் பார்த்து வைப்பவரின் கவனம் மட்டுமே.

செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டதே என்பது அடுத்த கேள்வி. 15 வயதுக்கு மேற்பட்டவர்களின் நெஞ்சுப் படங்களில் காசநோய்க்கான அறிகுறிகளைக் கணினியே தேடலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2021இல் பரிந்துரைத்தது. கதிரியக்க மருத்துவர் இல்லாத ஊர்களுக்கு இது பெரிய உதவி, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் மென்பொருளும் சரி, மாவட்டத் தலைநகரிலிருந்து படத்தைப் பார்த்துச் சொல்லும் மருத்துவரும் சரி, கையில் வந்ததை மட்டுமே படிக்கிறார்கள். நோயாளியை நேரில் பார்த்து, ‘எந்த இடத்துல வலிக்குது?’ என்று கேட்டு, சீட்டில் எழுதியிருக்கும் பக்கம் தவறென்று கண்டுபிடிக்க வாய்ப்புள்ளவர் படம் எடுக்கிறவர்தான். தொலைவிலுள்ளவர் மறுபடி எடுக்கச் சொல்வதற்குள் நோயாளி ஊர்ப் பேருந்தில் ஏறியிருப்பார். படிப்பது தொலைவுக்குப் போகப்போக, எடுப்பவரின் பொறுப்பு கூடுகிறது.

எனக்கே வலுவாகப் படும் மறுப்பு வேறொன்று. வரிசை வாசலைத் தாண்டி நிற்கும்போது ஒவ்வொருவருக்கும் இரண்டு நிமிடம் எங்கே கிடைக்கும்? நியாயமான கேள்வி. ஆனால் அது ஆள் போதாமைக்கான வாதம். வேலையின் அருமையைக் குறைக்கும் வாதமாகாது. சென்னையில் பர்னார்டு கதிரியக்கவியல் நிலையம் திறக்கப்பட்டது 1934இல். அத்தனை பழைய மரபுள்ள மாநிலத்தில், கருவிக்கு ஒதுக்கும் பணத்தோடு அதை இயக்கும் இரண்டாவது ஆளுக்கான சம்பளத்தையும் சேர்த்துக் கணக்கிடுவது எட்டாத காரியமில்லை. செலவே இல்லாமல் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு: எத்தனை படங்களை மறுபடி எடுத்தார்கள், மூச்சாலா, அசைவாலா, நிற்கவைத்த விதத்தாலா என்று ஒரு நோட்டில் குறித்துவைப்பது. ஆனால் அந்த நோட்டைக் காட்டி விளக்கம் கேட்டு மெமோ கொடுக்கத் தொடங்கினால், மறுநாளிலிருந்து மறுபடி எடுப்பது நின்றுவிடும். கோணலான படமே ‘சரி’ என்று மருத்துவரின் மேசைக்குப் போகும்.