பூட்டிய காருக்குள் தூங்காமல் இருந்தது யார்?

மலையிலுள்ள உண்டு உறைவிடப் பள்ளி ஒன்றில் வேலை பார்க்கிறார் அந்த டீச்சர். வாரம் முழுக்கக் கல்வராயன் மலையில் தங்கல். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வெள்ளிமலையில் பஸ் ஏறினால், கச்சிராயப்பாளையம் வழியாகக் கள்ளக்குறிச்சி வந்து சேர இருட்டிவிடும். வீட்டில் எழுபது வயது தாண்டிய அப்பா மட்டும். போர்ட்டிகோவில் ஒரு சின்ன கார். அப்பா ஓட்டுவதை நிறுத்தி இரண்டு வருடமாகிறது. சனி, ஞாயிறுகளில் மகள் ஓட்டினால்தான் உண்டு.

சில மாதங்களாக, சனிக்கிழமை காலையில் சாவியைத் திருப்பினால் 'டக் டக்' என்ற சத்தம்தான். பேட்டரி டவுன்! புது பேட்டரி போட்டார். ஒரு மாதம்கூட ஆகவில்லை, அதுவும் படுத்துவிட்டது.

ஒரு வெள்ளிக்கிழமை நள்ளிரவு. அப்பாவுக்கு மூச்சுத் திணறல். கார் கிளம்பவில்லை. பக்கத்து வீட்டுக்காரரை எழுப்பி, அவர் ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். நல்லவேளை, பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால், வீடு திரும்பியதும் பயமெல்லாம் கோபமாக மாறியது.

"நீங்கதான்ப்பா எதையோ எடுக்கப் போய் லைட்டை அணைக்காம விட்டிருப்பீங்க. ஒரு தடவையா, ரெண்டு தடவையா?"

அப்பா பதில் சொல்லவில்லை.

அடுத்த சனிக்கிழமை ஆட்டோ எலெக்ட்ரீஷியன் ஒருவர் வீட்டுக்கே வந்தார். "பேட்டரியை மாத்துறது கடைசி வேலை டீச்சர். முதல்ல அளந்து பார்ப்போம்" என்று மல்டிமீட்டரை எடுத்தார்.

முழு சார்ஜில் ஓய்வாக இருக்கும் பேட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்டும். 12.2 என்றால் பாதிதான் மிச்சம். சார்ஜ் ஏற்றிக் கொண்டுவந்த பேட்டரி 12.6 காட்டியது. இன்ஜினை ஓடவிட்டால் 14.2. ஆக, பேட்டரியும் நல்லது, சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரும் நல்லது. பூட்டிய பிறகு ஏதோ ஒன்று கரன்ட்டைத் தின்கிறது.

அதைப் பிடிக்க ஒரு வழி உண்டு. எல்லாவற்றையும் ஆஃப் செய்து, சாவியை எடுத்துவிட்டார். கதவைத் திறந்து வைத்து, அதன் ஓரத்து சுவிட்சை மட்டும் டேப் ஒட்டி அழுத்தினார். கதவு மூடியிருப்பதாகக் கார் நினைத்துக்கொள்ளும். பிறகு, பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றி, ஒயருக்கும் முனைக்கும் நடுவில் மீட்டரை 10 ஆம்பியர் அளவில் இணைத்தார். "இப்போ யாரும் சாவியைப் போட்டுடாதீங்க, மீட்டர் போயிடும்" என்று எச்சரித்துவிட்டு, அரை மணி நேரம் காத்திருக்கச் சொன்னார். காரின் கம்ப்யூட்டர்கள் தூங்கப்போக அவ்வளவு நேரம் பிடிக்கும்.

பொதுவாக 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் கவலையில்லை. கடிகாரம், அலாரம் போன்றவற்றுக்கு அது வேண்டும். மீட்டர் காட்டியதோ 380.

"ஒரு நாளைக்கு 9 ஆம்பியர் ஹவர் போகுது. உங்க பேட்டரியே மொத்தம் 35. நாலு நாள் தாங்காது!"

ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, மீட்டரைப் பார்த்து, திரும்பச் செருகிக்கொண்டே வந்தார். உள்விளக்கு ஃப்யூஸைப் பிடுங்கியதும் 380 சட்டென 25 ஆனது. விளக்கோ எரியவில்லை. அந்த ஃப்யூஸிலிருந்து கூடுதலாக ஒரு ஒயர் கிளம்பி, முன் கண்ணாடிக்கு மேலே ஏறியது. டேஷ்கேம்! லீவு நாள்களில் மலைப்பாதையில் ஓட்டும்போது பாதுகாப்புக்கு இருக்கட்டும் என்று போன வருடம் டீச்சரே மாட்டியது. கார் நின்றாலும் படம்பிடிக்கும் 'பார்க்கிங் மோடு' ஆனில் இருந்தது. அடிக்கடி முழுக்க வடிந்துபோனால் நல்ல பேட்டரியும் சீக்கிரம் கெடும். பழைய பேட்டரி போனதும் அப்படித்தான்.

சாவி போட்டால் மட்டும் கரன்ட் வரும் ஃப்யூஸுக்கு ஒயரை மாற்றினார் எலெக்ட்ரீஷியன். பார்க்கிங் மோடு அவசியம் என்பவர்கள், வோல்டேஜ் குறைந்தால் தானே அணைந்துவிடும் கட்-ஆஃப் கிட் போட்டுக்கொள்ளலாம் என்றார்.

அவர் போன பிறகு, டீச்சர் கேமராவின் மெமரி கார்டைப் போட்டுப் பார்த்தார். திங்கள் இரவு 9.40. டார்ச் வெளிச்சம். அப்பா காரின் முன்னால் குனிந்து, இரண்டு ஹெட்லைட்டையும் தொட்டுப் பார்க்கிறார். கண்ணாடி வழியே உள்ளே டார்ச் அடிக்கிறார். இரவு 11.15-க்கு மறுபடியும். விடியற்காலை 2 மணிக்கு மறுபடியும். செவ்வாயும் அப்படியே. புதன் நடுராத்திரியோடு படம் நின்றுபோயிருந்தது.

அப்பா திண்ணையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். டீச்சர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"இனிமே ராத்திரி எழுந்து காரைப் பார்க்க வேண்டாம்ப்பா. நான் மாட்டின கேமராதான் காரணம்."

அப்பா பேப்பரை மடக்கினார்.

"அப்போ, நான் லைட்டை அணைக்க மறக்கலைதானே, பாப்பா?"

"இல்லப்பா. ஒரு தடவைகூட இல்ல."