மூன்று பேர் ஜெயித்த தேர்தல்

ஒரே தேர்தலில் மூன்று பேர் ஜெயிக்க முடியுமா? முடியும் என்று காட்டியது அமெரிக்காவின் அயோவா மாநிலம். மக்காச்சோளமும் பன்றிப் பண்ணையும் நிறைந்த ஊர்.

2012 ஜனவரி 3-ம் தேதி ராத்திரி, குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளர் தேர்வின் முதல் கட்டம் அங்கே நடந்தது. மிட் ராம்னி 8 ஓட்டில் முந்தினார் என்று அறிவித்தார்கள். 16 நாள் கழித்து, "முழுசாகக் கூட்டிப் பார்த்தால் ரிக் சான்டோரத்துக்குத்தான் 34 ஓட்டு அதிகம்" என்றார்கள். கூடவே இன்னொரு குண்டு: 8 சாவடிகளின் கணக்கைக் காணவே காணோம்! ஆகஸ்டில் டாம்பா நகரத்தில் கட்சியின் தேசிய மாநாடு நடந்தது. அங்கே அயோவாவின் 28 ஓட்டில் 22 ஓட்டு ரான் பாலுக்கு விழுந்தது. அவர் ஜனவரியில் மூன்றாவது வந்தவர்.

நான் வங்கியில் இருபது வருஷத்துக்கு மேலாகக் குப்பை கொட்டுகிறவன். பிராஞ்சில் எட்டு வவுச்சர் காணோம் என்றால் அன்று ராத்திரி யாரும் வீட்டுக்குப் போக முடியாது. இங்கே என்னடா என்றால் எட்டுச் சாவடியையே தொலைத்துவிட்டு, கணக்கை முடித்து, கையெழுத்தும் போட்டுவிட்டார்கள். அன்றைக்குப் பிடித்தது இந்தப் பைத்தியம். நாலு வருஷத்துக்கு ஒருமுறை ஜனவரி பிறந்தால், "யாருக்கு எத்தனை டெலிகேட்?" என்று தேட ஆரம்பித்துவிடுவேன்.

அடிப்படை இதுதான். அமெரிக்காவில் ஒரு கட்சியின் வேட்பாளரை முடிவு செய்வது தேசிய மாநாட்டுக்குப் போகும் பிரதிநிதிகள், அதாவது டெலிகேட்டுகள். ஒவ்வொரு மாநிலத்துக்கும் இத்தனை டெலிகேட் என்று கட்சி ஒதுக்கும். அவர்களை யாருக்கு எத்தனை என்று பிரிக்க இரண்டு வழி. ஒன்று ப்ரைமரி. நம்ம ஊர் மாதிரி சாவடிக்குப் போய் ரகசியமாக ஓட்டு போட்டுவிட்டு வரலாம். இன்னொன்று காக்கஸ். ஊர்க்கூட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சொன்ன நேரத்துக்கு நேரில் போய் உட்கார வேண்டும்.

ரான் பால் எப்படி ஜெயித்தார் என்பதற்கு விடை இங்கேதான் இருக்கிறது. அந்த ராத்திரி சீட்டில் பெயர் எழுதிப் போட்ட ஓட்டு, ஊர் நாடியைப் பிடித்துப் பார்ப்பதற்கு மட்டும்தான். அது டெலிகேட்டுகளைக் கட்டுப்படுத்தாது. சீட்டு போட்டுவிட்டு முக்கால்வாசிப் பேர் குளிரில் வீட்டுக்குக் கிளம்புவார்கள். அதன்பிறகு, அடுத்த கட்டமான கவுன்டி மாநாட்டுக்கு யார் போவது என்று ஒரு தேர்வு நடக்கும். ரான் பாலின் ஆட்கள் கிளம்பாமல் உட்கார்ந்திருந்தார்கள். கவுன்டி, மாவட்டம், மாநிலம் என்று ஒவ்வொரு படியிலும் உட்கார்ந்தார்கள். பொறுத்தார் பூமி ஆள்வார்! இதில் திருட்டுத்தனம் எதுவும் இல்லை. விதியைப் படித்துவிட்டு வந்தார்கள், அவ்வளவுதான். அடுத்த தேர்தலுக்குள், மக்கள் போட்ட ஓட்டுக்கு டெலிகேட்டுகள் கட்டுப்பட வேண்டும் என்று கட்சி விதியை மாற்றிவிட்டது.

ஜனநாயகக் கட்சியின் காக்கஸ் இன்னும் வேடிக்கை. என் சித்தி பையன் அயோவாவின் தலைநகரான டெ மாய்னில் இருக்கிறான். அந்த ஊரில் இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் அதிகம், அதில் ஒன்றில் மென்பொருள் வேலை. 2020 பிப்ரவரி 3-ம் தேதி பக்கத்து வீட்டு அம்மாவோடு வேடிக்கை பார்க்கப் போயிருக்கிறான்.

"ஸ்கூல் ஜிம்முண்ணே. ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு மூலை. அவங்கவங்க ஆளுங்க போய் நிக்கணும். தலையை எண்ணுறாங்க. நூத்துக்குப் பதினஞ்சு பேர் தேறலைன்னா அந்தக் கூட்டம் கலையணும். வேற மூலைக்குப் போகலாம், இல்லைன்னா வீட்டுக்குப் போகலாம்."

"அப்ப யார் யாருக்குப் போட்டாங்கன்னு எல்லாருக்கும் தெரியுமாடா?"

"தெரியும்ணே. இந்தம்மா வாரனுக்கு நின்னாங்க. அவங்க வீட்டுக்காரர் பைடனுக்கு நின்னாரு. பைடன் பக்கம் ஆள் தேறலை. உடனே இந்தம்மா போய் அவரைக் கையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்துட்டாங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் யோசித்தால் சிரிக்கிற விஷயமா? அது வீட்டுக்காரராக இல்லாமல் முதலாளியாக இருந்தால்? கடன் கொடுத்தவராக இருந்தால்?

அந்த வருஷம் முடிவு அனுப்ப வைத்திருந்த மொபைல் ஆப் படுத்துவிட்டது. முடிவு வரப் பல நாள் ஆனது. வந்தபோது மூன்று கணக்கு வந்தது: முதல் எண்ணிக்கை, மூலை மாறிய பிறகு எடுத்த எண்ணிக்கை, அதை மாநில மாநாட்டு டெலிகேட்டாக மாற்றிய எண்ணிக்கை. தலை எண்ணிக்கையில் இரண்டு முறையும் பெர்னி சாண்டர்ஸ்தான் முதல். முதல் சுற்றில் சுமார் 6,000 பேர் அதிகம். மூன்றாவது கணக்கில் பீட் புட்டிஜெஜ் நூலிழையில் முதல். கடைசியில் தேசிய டெலிகேட் புட்டிஜெஜுக்கு 14, சாண்டர்ஸுக்கு 12. நாலாவதாக வந்த ஜோ பைடன்தான் பிறகு வேட்பாளர் ஆனார், அதிபரும் ஆனார்!

தலை சுற்றுகிறதா? ஒரு சின்னக் கணக்கு போடுவோம். பி.காம் படித்தவனுக்கு வேறென்ன தெரியும்?

ஒரு தொகுதிக்கு 4 டெலிகேட். ஒருவர் 60 சதவீதம், இன்னொருவர் 40. நாலில் 60 சதவீதம் 2.4, 40 சதவீதம் 1.6. ஆளை வெட்ட முடியாதே, முழு எண்ணாக்கினால் இரண்டு பேருக்கும் 2. இருபது சதவீத வித்தியாசத்துக்கு லாபம் பூஜ்யம். பக்கத்துத் தொகுதிக்கு 5 டெலிகேட். இங்கே 51-க்கு 49தான். ஆனால் 3-க்கு 2. ஒற்றைப்படைத் தொகுதியில் ஒரு ஓட்டு முந்தினாலும் ஒரு டெலிகேட் கூட வரும். இரட்டைப்படையில் முட்டி மோதினாலும் சமம்.

இதனால்தான் 2008-ல் நெவாடாவில் சுமார் 51 சதவீதம் வாங்கிய ஹிலாரி கிளின்டனுக்கு 12 டெலிகேட், 45 சதவீதம் வாங்கிய ஒபாமாவுக்கு 13 என்று கணக்கு வந்தது. ஹிலாரிக்குச் செல்வாக்கு லாஸ் வேகாஸ் பக்கம், அங்கே இரட்டைப்படை. ஒபாமா முந்தியது வடக்கே, அங்கே ஒற்றைப்படை.

அதே வருஷம் பிப்ரவரி 5-ம் தேதி நியூ ஜெர்சியில் பத்து லட்சத்துக்கும் மேல் ஓட்டு. ஹிலாரிக்கு 59, ஒபாமாவுக்கு 48. பதினொன்று லாபம். அன்றே ஐடஹோ என்ற குட்டி மாநிலத்தின் காக்கஸுக்கு வந்தவர்கள் சுமார் 21,000 பேர்தான். ஒபாமாவுக்கு 15, ஹிலாரிக்கு 3. பன்னிரண்டு லாபம்! பெரிய மாநிலத்தில் அம்மா சம்பாதித்ததை, குட்டி மாநிலத்தில் ஐயா ஒரு சாயங்காலத்தில் சரிக்கட்டிவிட்டார். மார்ச்சில் டெக்சஸில் பகலில் ப்ரைமரி, சாயங்காலம் காக்கஸ், இரண்டும் உண்டு. பகலில் ஹிலாரி 65-61 என்று முன்னால். சாயங்காலக் கணக்கும் சேர்ந்த பிறகு ஒபாமா 99, ஹிலாரி 94. டிவியில் டெக்சஸை ஜெயித்தவர் ஹிலாரி, பேரேட்டில் ஒபாமா.

குடியரசுக் கட்சியில் இன்னொரு ரகமும் உண்டு. 2016-ல் ஃப்ளோரிடாவில் ட்ரம்ப் வாங்கியது சுமார் 46 சதவீதம். டெலிகேட் 99-ம் அவருக்கே.

வட்டி விகிதம் ஒன்றாக இருந்தாலும், மாத மீதியா தினசரி மீதியா என்பதில்தான் வாடிக்கையாளர் கைக்கு வரும் காசு மாறும். ஓட்டும் அப்படித்தான். போடுவது ஒன்று, வரவு வைக்கும் முறை இன்னொன்று.

முழு எண்ணாக்குவதைக்கூட நான் ஒத்துக்கொள்வேன். எந்த ஊரிலும் எங்காவது ஒரு இடத்தில் பின்னத்தை வெட்டித்தான் ஆக வேண்டும். எனக்கு உறுத்துவது சித்தி பையன் கடைசியில் சொன்னதுதான். "எதிர் வீட்ல ஒரு நர்ஸம்மா இருக்காங்கண்ணே. ரொம்ப அரசியல் பேசுவாங்க. அன்னைக்கு நைட் டியூட்டி, வர முடியலை."

அயோவாவில் காக்கஸ் சாயங்காலம் ஏழு மணிக்கு. முன்கூட்டியே போட முடியாது, தபால் ஓட்டும் கிடையாது. சில இடங்களில் தனிக் கூட்டம் வைத்துப் பார்த்தார்கள், அது எத்தனை பேருக்கு எட்டும்? கைக்குழந்தைக்காரி, ஷிப்ட் வேலைக்காரன், நடக்க முடியாத தாத்தா, இவர்கள் எந்த மூலையில் நிற்பது? ஐடஹோவின் 21,000 பேர் யார் என்பதைவிட, வராதவர்கள் யார் என்பது பெரிய கேள்வி.

இது எனக்கு வெறும் அயல்நாட்டுச் சமாச்சாரம் இல்லை. 2019 ஏப்ரல் 11-ம் தேதி நாக்பூரில் ஓட்டுப்பதிவு. வங்கிக்காரர்களை நுண் பார்வையாளராகப் போடுவது வழக்கம், என்னையும் போட்டார்கள். சாவடியில் எத்தனை ஓட்டு பதிவானது என்ற படிவம் 17சி-யில் கையெழுத்தாகி, ஏஜென்டுகள் கைக்கு நகல் போகும்வரை இருந்தேன். அதனால்தான் எட்டுச் சாவடி காணோம் என்பது எனக்கு ஜீரணமாகவில்லை. ஒரு வாரம் கழித்து, 18-ம் தேதி, மதுரையில் ஓட்டுப்பதிவு. என் பெயர் இருப்பது அங்கே. அன்று சித்திரைத் தேர். மக்கள் சாமி பார்த்துவிட்டு வரட்டும் என்று தேர்தல் கமிஷன் ராத்திரி எட்டு மணிவரை நேரத்தை நீட்டித்தது. அதை நாக்பூரில் டிவியில் பார்த்தேன். லீவும் டிக்கெட்டும் சேர்ந்து அமையவில்லை. ஊரார் ஓட்டைக் காவல் காத்த விரலில் மை இல்லை.

தேருக்காக நேரத்தை நீட்டிக்க ஒரு விதி மனசு வைத்தால் முடிகிறது. மாற்றலில் வந்தவனுக்கும் நைட் டியூட்டி நர்ஸுக்கும் மனசு வைக்க இன்னும் விதி எழுதப்படவில்லை. கணக்கில் வராதவனுக்கு 15 சதவீதமும் ஒன்றுதான், ஒற்றைப்படையும் ஒன்றுதான்.

அமெரிக்காவில் இதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக மாறித்தான் வருகிறது. 1968-ல் ஹூபர்ட் ஹம்ஃப்ரி ஒரு ப்ரைமரியில்கூடப் போட்டியிடாமல், சிகாகோ மாநாட்டில் கட்சிப் பெரியவர்கள் தயவில் வேட்பாளர் ஆனார். வெளியே தெருவில் அடிதடி. அதற்குப் பிறகுதான் ப்ரைமரிகள் பெருகின. 2024-ல் ஜனநாயகக் கட்சி முதலிடத்தை அயோவாவிடமிருந்து எடுத்து, ப்ரைமரி நடத்தும் சவுத் கரோலினாவுக்குக் கொடுத்தது. அயோவாக்காரர்கள் தபாலில் போட்டார்கள்.

அதே வருஷம் நெவாடாவில் குடியரசுக் கட்சிக்கு ப்ரைமரியும் நடந்தது, இரண்டே நாளில் காக்கஸும் நடந்தது. ப்ரைமரியில் நிக்கி ஹேலியை 'இவர்களில் யாரும் இல்லை' என்ற கட்டம் தோற்கடித்தது. நம்ம நோட்டா ஜெயித்த மாதிரி! அப்படி ஜெயித்தும் டெலிகேட் ஒன்றும் கிடையாது. கட்சி காக்கஸை மட்டும்தான் கணக்கில் எடுத்தது. 26-ம் ட்ரம்புக்கு.

அதே 2024 ஜூலையில் பைடன் விலகியபோது இன்னொன்றும் தெளிவாகத் தெரிந்தது. ப்ரைமரிகளில் அவர் பெயரில் ஜெயித்த டெலிகேட்டுகள் வெறும் எண்கள் இல்லை, ஆட்கள். புதிதாகப் ப்ரைமரி எதுவும் நடக்காமல், அவர்களே ஓட்டு போட்டு கமலா ஹாரிஸை வேட்பாளராக்கினார்கள்.

அடுத்தது 2028. ஜனவரி வாக்கில் மறுபடியும் "இவர் ஜெயித்தார்" என்று கொட்டை எழுத்தில் செய்தி வரும். பிராஞ்சில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் என்னிடம் வந்து கேட்டால் சொல்ல மூன்று கேள்வி வைத்திருக்கிறேன். எண்ணியது தலையையா, டெலிகேட்டையா? பின்னத்தை யார் பக்கம் தள்ளினார்கள்? அன்று ராத்திரி கூட்டத்துக்கு வர முடியாதவர் யார்? முதல் இரண்டுக்கும் விடை மறுநாள் பேப்பரில் வந்துவிடும். மூன்றாவதை நாமாகத்தான் தேட வேண்டும்.