பெட்டி பேசாத நேரம்

நான் இருப்பது புதுக்கோட்டை. சமஸ்தானம் இருந்த புதுக்கோட்டை அல்ல. தூத்துக்குடியிலிருந்து திருநெல்வேலி போகிற சாலையில், துறைமுக லாரிகள் இரவு பகலாகத் தாண்டிப் போகிற புதுக்கோட்டை. வெளியூர்க்காரர்களிடம் இந்த விளக்கத்தைச் சொல்லாமல் எங்களால் முகவரி கொடுக்க முடியாது. மனிதர்கள் கேட்டுக்கொள்வார்கள். மென்பொருள் கேட்காது.

லாரி ஆபீஸ்களுக்கும் கடைகளுக்கும் பில் போடும் மென்பொருள் எழுதுவது என் தொழில். கோயம்புத்தூரிலிருந்து எங்கள் ஊர்க்காரர் ஒருவருக்குத் தண்ணி மோட்டார் வர வேண்டியிருந்தது. விற்றவருடைய கணினி முகவரியை முழுசாகத்தான் அனுப்பியது. அதைப் பெற்றுக்கொண்ட கணினியில் முகவரிக் கட்டத்துக்கு நீளம் போதவில்லை. 'புதுக்கோட்டை' வரை வைத்துக்கொண்டு, பின்னால் இருந்த தூத்துக்குடி மாவட்டத்தையும் 628 என்று தொடங்கும் பின்கோடையும் வெட்டிவிட்டது. மோட்டார் நேராகப் பெரிய புதுக்கோட்டைக்குப் போய் இறங்கியது. யாரைக் குறை சொல்வது? ரசீதில் அச்சாகியிருந்த ஊர்ப் பெயரில் ஓர் எழுத்துகூடப் பிழையில்லை.

தமிழில் இந்த வெட்டு இன்னும் சுலபமாக விழும். 'புதுக்கோட்டை' நம் கண்ணுக்கு ஆறு எழுத்து. யூனிகோடில் அது 12 குறிகள்; உயிர்மெய்யின் கொம்பும் காலும் புள்ளியும் தனித்தனிக் கணக்கு. யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட் என்பதால் மொத்தம் 36 பைட். ஆங்கில எழுத்தில் அடித்தால் 11 பைட்டில் முடிந்துவிடும். குறுஞ்செய்தியிலும் இதே கதைதான்: ஆங்கிலத்துக்கு ஒரு செய்தியில் 160 எழுத்து, தமிழுக்கு 70 குறி. கட்டத்தின் நீளத்தை முடிவு செய்தவர் ஆங்கிலத்தை மனதில் வைத்திருந்தால் நம் முகவரி வாசலிலேயே நின்றுவிடும். வெட்டு ஒரு குறியின் நடுவில் விழுந்தால் திரையில் கேள்விக்குறி போட்ட கறுப்புச் சாய்சதுரம் தெரியும். பார்க்க அசிங்கம், ஆனால் நல்லது. ஏதோ குறைகிறது என்று காட்டிக்கொடுத்துவிடும். சுத்தமான இடத்தில் விழுகிற வெட்டுதான் ஆளை ஏமாற்றும்.

ஒரு மென்பொருள் இன்னொன்றிடம் தகவல் கேட்டு வாங்குகிற முறைக்கு ஏபிஐ என்று பெயர். அதில் பாதிப் பதிலைக் கண்டுபிடிக்க வழி இல்லாமல் இல்லை. எத்தனை பைட் அனுப்புகிறேன் என்று பதிலின் தலைப்பிலேயே அனுப்புகிறவர் சொல்லலாம். வந்ததை எண்ணிப் பார்த்தால் போதும். துண்டு துண்டாக அனுப்பினால், முடிந்தது என்பதற்கு அடையாளமாகப் பூச்சிய நீளத்தில் ஒரு கடைசித் துண்டு வரும். அது வராவிட்டால் பதில் முடியவில்லை. ஜேசான் என்ற வடிவத்தில் வருகிற பதில் என்றால், திறந்த அடைப்பெல்லாம் மூடியிருக்கிறதா என்று பார்க்கலாம். இத்தனை இருந்தும், வந்தவரை லாபம் என்று எடுத்துப் போட்டுக்கொள்கிற மென்பொருள்களை நான் நிறையப் பார்க்கிறேன். விலைப் பட்டியல் கேட்டால் முதல் நூறு சரக்கை மட்டும் கொடுத்து, மிச்சம் அடுத்த பக்கத்தில் என்று ஓரமாகச் சொல்லும் ஏபிஐகள் உண்டு. ஓரத்தைப் படிக்காதவர் கடையில் நூற்றியோராவது சரக்கே கிடையாது. இப்போது எல்லாரும் கேள்வி கேட்கிற செயற்கை நுண்ணறிவு ஏபிஐகளும் பதில் ஏன் நின்றது என்பதைத் தனியாகச் சொல்கின்றன: சொல்ல வேண்டியது முடிந்து நின்றதா, நீள வரம்பு தீர்ந்து நின்றதா என்று. கேட்பதில்தான் நமக்குச் சோம்பல்.

பாதிப் பதிலாவது கையில் இருக்கிறது. பதிலே வராவிட்டால்?

டீக்கடையில் தினமும் நடக்கிறது.

"அண்ணாச்சி, ரூவா போயிட்டு. உங்களுக்கு வந்துட்டா?"

"பெட்டி ஒண்ணும் பேசலியே தம்பி."

'பெட்டி' என்பது பணம் வந்ததும் தொகையைச் சொல்லும் ஒலிபெருக்கி. வாங்கியவர் செல்போனில் பணம் கழிந்த குறுஞ்செய்தி. விற்றவர் பெட்டியில் மௌனம். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. இடையில் எங்கோ ஒரு பதில் தொலைந்திருக்கிறது. இதில் மனிதர் செய்கிற முதல் காரியம், மறுபடியும் அனுப்புவது. அரை மணி கழித்துப் பார்த்தால் ஒரு டீக்கு இரண்டு டீ காசு போயிருக்கும். பதில் வராததை, நடக்கவில்லை என்று எடுத்துக்கொள்வதால் வருகிற வினை இது. வேண்டுகோளே போய்ச் சேராமல் இருந்திருக்கலாம்; போய்ச் சேர்ந்து, காரியமும் முடிந்து, 'முடிந்தது' என்ற சொல் மட்டும் திரும்பி வராமல் இருந்திருக்கலாம். இந்தப் பக்கம் நிற்பவனுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும்.

ரிசர்வ் வங்கிக்கு இது தெரியும். 2019 செப்டம்பரில் அது போட்ட சுற்றறிக்கைப்படி, யுபிஐயில் ஆளுக்கு ஆள் அனுப்பிய பணம் கழிந்து, வாங்குபவருக்குச் சேராவிட்டால் மறுநாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். கடைக்குக் கட்டியது என்றால் ஐந்து நாள். தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. இந்த 100 ரூபாயைப் பற்றி எங்கள் கடைவீதியில் பாதிப் பேருக்குத் தெரியாது.

மறுபடி பணம் அனுப்பாமல், "என்ன ஆயிற்று?" என்று கேட்பது சரியான வழி. அதிலும் அளவு வேண்டும். 2025 ஏப்ரல் 12 அன்று நாடு முழுவதும் யுபிஐ முடங்கியது. சில வங்கிகள் பழைய பரிவர்த்தனைகளுக்கும் சேர்த்து, நிலை என்ன, நிலை என்ன என்று ஓயாமல் கேட்டு அமைப்பை மூச்சு முட்ட வைத்துவிட்டன என்று யுபிஐயை நடத்தும் தேசிய கொடுப்பனவுக் கழகம் கண்டது. பதில் வரவில்லை என்று கேட்ட கேள்விகளே பதில் வராமல் செய்துவிட்டன. பிறகு விதி வந்தது: முதல் விசாரிப்புக்கு முன் கொஞ்சம் பொறுக்க வேண்டும், இரண்டு மணி நேரத்துக்குள் மூன்று முறைக்கு மேல் கேட்கக் கூடாது. அதே ஆண்டு ஜூனில் பணம் செலுத்தும் பதிலுக்கான கெடுவை 30 விநாடியிலிருந்து 15 ஆகவும், நிலை விசாரிப்புக்கான கெடுவை 30இலிருந்து 10 ஆகவும் குறைத்தார்கள். ஒவ்வொரு தடவையும் இடைவெளியை இரட்டிப்பாக்கு, எல்லாரும் ஒரே நொடியில் வந்து கதவைத் தட்டாமல் இருக்க அதில் கொஞ்சம் முன்பின் சேர் என்று எங்கள் தொழிலில் வெகுநாளாகச் சொல்லிவருகிறோம். யாரும் கேட்பதில்லை.

கெடு எவ்வளவு வைப்பது என்பதும் பெரிய கேள்வி. பைத்தானில் பெரும்பாலோர் பயன்படுத்தும் 'ரிக்வெஸ்ட்ஸ்' நூலகத்தில் நாமாக வைக்காவிட்டால் கெடுவே கிடையாது. யுகம் முடியும்வரை காத்திருக்கும். வைத்தாலும், அது இரண்டு பைட்டுகளுக்கு இடையே உள்ள இடைவெளிக்குத்தான். பதில் சொட்டுச் சொட்டாக வந்துகொண்டே இருந்தால் கெடு தாண்டவே தாண்டாது. முத்துக்குளிப்பில் குளியாளியின் கயிற்றை மச்சான் கையில்தான் கொடுப்பார்கள் என்று எங்கள் கடற்கரையில் சொல்வார்கள். கூடப்பிறந்தவளின் தாலி அவன் பிடியில் இருக்கிறது. மேலே நிற்கும் தன் பொறுமையை வைத்து அவன் கயிற்றை இழுப்பதில்லை. கீழே இருப்பவனுக்கு எவ்வளவு நேரம் மூச்சு நிற்கும் என்பது அவனுக்குத் தெரியும். தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு 1961இல் நடந்தது. அந்தக் கணக்கு மட்டும் இப்போதும் செல்லும்: மறுமுனையில் நடக்கிற வேலைக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று தெரிந்துகொண்டு கெடு வை.

மறுபடி அனுப்புகிற விஷயத்தில் அரசாங்கத்தைப் பாராட்ட ஓர் இடம் உண்டு. ஜிஎஸ்டி மின் ரசீதுக்குக் கொடுக்கிற 64 எழுத்து எண், விற்பவரின் பதிவு எண், நிதியாண்டு, ஆவண வகை, ரசீது எண் இவற்றிலிருந்தே கணக்கிடப்படுகிறது. அதே ரசீதைப் பத்துத் தடவை அனுப்பினாலும் அதே எண்தான் பிறக்கும். பதில் வராமல் போய் மறுபடி அனுப்பினால், ஏற்கெனவே பதிவாகிவிட்டது என்று சொல்லுமே தவிர இரண்டாவது ரசீது போடாது. எத்தனை முறை கேட்டாலும் ஒரே முறை நடக்கும் என்ற இந்த உறுதி இருந்தால் நெட்வொர்க் எப்படிப் போனாலும் கவலையில்லை. லாரி ஆபீஸில் என் தலைவலி பாதி குறைந்தது இதனால்தான்.

மென்பொருள் எழுதும் தம்பி தங்கச்சிகளிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பதில் வராதபோது "ஏதோ தவறு நடந்துவிட்டது, மீண்டும் முயலவும்" என்று திரையில் போடாதீர்கள். தவறு நடந்ததா என்பதே உங்களுக்குத் தெரியாது. மீண்டும் முயலச் சொல்வது அவர் காசை இன்னொரு முறை எடுக்கும் வழி. "முடிவு இன்னும் தெரியவில்லை. மறுபடி அனுப்ப வேண்டாம். இத்தனை மணிக்குள் தெரியும். பரிவர்த்தனை எண் இது" என்று போடுங்கள், தமிழிலேயே போடுங்கள், கட்டத்தின் நீளத்தைத் தமிழில் அடித்துப் பார்த்துவிட்டு.