கோலி சோடா பார்ட்டி!

உங்க வீட்டில் விசேஷம்னா யாரைத் தேடுவீங்க? நாங்க அப்பாவைத் தேடுவோம். சங்கரன்கோவில் ஆடித்தபசுக்குச் சொந்தபந்தமெல்லாம் வந்து இறங்கியிருக்கும். சாயங்காலமானா அப்பா மட்டும் மாயம். எங்கேன்னு யாரும் கேட்க மாட்டாங்க.

அவர் குடியை நிறுத்தி ஒரு வருஷம் ஆனப்போ அக்காவுக்கு வேலை கிடைச்சுது. "அத்தான், பார்ட்டி உண்டுல்லா?"ன்னு மாமா கண்ணடிச்சார். எனக்கு பக்குனு ஆயிடுச்சு.

வெனிஸ் நகரத்து ஹாரிஸ் பாரில் சிப்ரியானின்னு ஒருத்தர், நுரைக்கிற ஒயினில் பீச் பழக்கூழைக் கலந்து 'பெல்லினி'ன்னு பேர் வச்சார். உலகமே அதைக் கையில் வச்சுக்கிட்டு போஸ் கொடுக்குது. எனக்கு வயசு 20. தமிழ்நாட்டில் 21 ஆகாம ஒயின் கிடையாது. ஆனா பழத்துக்கும் நுரைக்கும் வயசு உண்டா என்ன?

அரை கிலோ பன்னீர் திராட்சை, 150 கிராம் சர்க்கரை, ஒரு டம்ளர் தண்ணீர். தோல் வெடிக்கிற வரை கொதிக்க விட்டு, மசிச்சு வடிகட்டுங்க. பக்கத்து ஊர் புளியங்குடி எலுமிச்சை மூணு பிழிஞ்சு, ஒரு சிட்டிகை உப்பும் சேர்த்து ஃப்ரிட்ஜில் வைங்க. பத்து பேருக்குத் தாராளம். சோடாவும் ஜில்லுனு இருக்கணும். சூடு ஏறினா கேஸ் ஓடிடும். 'ஹென்றி விதி'யை பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணினப்போ புரியலை, இப்போ புரியுது!

கிளாஸில் கால் பங்கு ஜூஸ். அப்புறம் கிளாஸைச் சாய்ச்சு, ஓரமா சோடாவை ஊத்துங்க. கலக்காதீங்க. உப்பைக் கடைசியில் போட்டா நுரை பொங்கி டேபிள் குளிக்கும். அவசரக்குடுக்கையா முதல் தடவை நான் சோடாவை மிக்ஸியில் ஊத்தி ஓட விட்டேன். மூடி பறந்து, சுவரெல்லாம் ஊதா. அம்மா திட்டினதை இங்கே எழுத முடியாது.

கோலி சோடா பாட்டிலுக்கு 1872-ல் காப்புரிமை வாங்கின ஹிராம் காட், இங்கிலாந்து இன்ஜினீயர். நம்ம இனம்! உள்ளே இருக்கிற கேஸே கோலியை ரப்பர் வளையத்தில் அழுத்திப் பிடிச்சுக்கும். அதை உள்ளே தள்ள எனக்குக் கட்டைவிரல் வலிச்சுது.

"தள்ளுலே"ன்னு அப்பா வாங்கினார். ஒரே அமுக்கு, 'டொப்'! ஏழு பாட்டிலையும் அவரே உடைச்சார். மாமா மூணு கிளாஸ் குடிச்சார். அன்னிக்கு ராத்திரி பந்தியில் இலை போட்டது அப்பாதான்.